மெழுகுக்குள் மாடு

போன் அலறியது.

வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று பத்து. மோந்தேவீடியோ நகரத்தில் காலையிலிருந்து மழை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் மழை கண்ணுக்குத் தெரியாது. குழாய்களுக்குள் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

நெலிடா பெந்தான்கோர் ரிசீவரை எடுத்தாள்.

ஐம்பத்தெட்டு வயது. பத்தாலஜி டாக்டர். மேலே நாலு மாடிகளில் வெட்டி எடுப்பதையெல்லாம் கீழே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்னதென்று சொல்கிறவள். இருபத்தாறு வருடமாக இந்த ஊர்க்காரர்களின் உள்ளே இருந்ததையெல்லாம் பார்த்திருக்கிறாள். அந்த ஊர்க்காரர்களைப் பார்த்ததில்லை.

"டாக்டர், கொஞ்சம் இங்க வாங்க."

லீபர் பிந்தோஸ். லேப் டெக்னீஷியன். பக்கத்து அறை.

"பதினஞ்சு அடி தூரத்துல இருந்துக்கிட்டு எதுக்கு போன் பண்றீங்க லீபர்?"

"எழுந்து வந்தா கால் நடுங்குறது உங்களுக்குத் தெரிஞ்சிடும். அதான்."

போனாள். லீபர் மைக்ரோஸ்கோப்பை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அது கடித்துவிடும் என்பதுபோல.

"யாரோட ஸ்லைடு?"

"எர்மிந்தா சில்வேரா. தக்குவாரெம்போ ஊர்ப் பொம்பளை. மூளை உறையில வந்த கட்டி. புற்று இல்ல, சாதுவான ரகம். ஆனா திரும்ப வருமான்னு தெரியணும்."

"தெரியும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரேடியேஷன் மெஷின்ல பேர் போட்டிருக்காங்க. நம்ம நம்பரைப் பாத்துட்டுத்தான் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. பிரியற செல் எத்தனை சதவீதம்?"

"சைபர்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். மாட்டுக்கு."

நெலிடா குனிந்தாள். கண்ணை லென்ஸில் வைத்தாள்.

ஸ்லைடின் ஓரத்தில் கடுகளவு டான்சில் சதை ஒட்டியிருந்தது. இந்த லேபின் வழக்கம் அது. எந்த ஸ்லைடு என்றாலும் யாரோ ஒருவரின் டான்சில் துணுக்கு ஒன்று கூடவே சாயத்தில் குளிக்கும். டான்சிலில் செல்கள் எப்போதும் பிரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அது பழுப்பாக மாறியே ஆக வேண்டும். மாறினால் சாயம் சரி. மாறாவிட்டால் ஸ்லைடு குப்பைக்கு.

டான்சில் பழுப்பாக மாறியிருந்தது. சாயம் சரி.

பக்கத்தில், மூளைக் கட்டி இருக்க வேண்டிய இடத்தில்...

கோடு. கோடு. கோடு. ஒழுங்காக அடுக்கிய தசை நார்கள், ஒவ்வொன்றின் குறுக்கிலும் மெல்லிய வரிகள்.

மூளை உறைக் கட்டியின் செல்கள் சுழிசுழியாகச் சுருண்டு கிடக்கும். இப்படி வரிசையில் நிற்காது.

"இது தசை," என்றாள்.

"தொடை. நான் ஞாயித்துக்கிழமை அடுப்புல சுடுறதும் இதுதான்."

"லீபர்..."

"பிளாக்கும் சரியில்ல டாக்டர். மெழுகைப் பாருங்க, நம்ம பாரஃபின் இல்ல. வெட்டும்போது மாவா உதிருது. பனிக்கட்டி மேல வெச்சு, பத்து தடவை வெட்டி, ரெண்டு சீவல் தேத்தினேன். நாப்பது வருஷக் கை. வேற எவனா இருந்தாலும் 'சாம்பிள் சரியில்லை'ன்னு எழுதி மூடியிருப்பான்."

நெலிடா அந்த பிளாக்கைக் கையில் எடுத்தாள். வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து வைக்கும், தீப்பெட்டியின் பாதி அளவுள்ள பிளாஸ்டிக் சட்டம். பக்கவாட்டில் பென்சிலால் எழுதிய எண் தக்குவாரெம்போ ஆஸ்பத்திரியுடையதுதான். சட்டம் நிஜம். உள்ளே இருந்ததை யாரோ உருக்கி எடுத்துவிட்டு, மாட்டுக்கறியை வைத்து மெழுகை ஊற்றியிருக்கிறார்கள்.

நம்பர் நாலு சதவீதத்துக்குக் கீழே என்றால் அந்தப் பெண் வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் போதும். மேலே என்றால் முப்பது நாள் ரேடியேஷன்.

நம்பரே இல்லையென்றால்?

எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியேஷன்தான் கொடுப்பார்கள். மிச்சக் கட்டி வலது கண் நரம்பை ஒட்டிக் கிடக்கிறது. கதிர் பட்டால் கட்டியும் போகலாம், கண்ணும் போகலாம்.

திங்கள் எட்டு மணிக்கு இன்னும் அறுபத்தைந்து மணி நேரம் இருந்தது.

அவள் போலீசுக்குப் போன் செய்தாள்.

*

இன்ஸ்பெக்டர் வில்மர் தெச்சேரா நனைந்த கோட்டோடு வந்தார். பருத்த உடம்பு, தூங்காத கண்கள்.

"டாக்டர், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இது மாட்டைக் கொன்ன கேஸா, மாட்டைத் திருடின கேஸா?"

"ஒரு பொம்பளையோட கண்ணைத் திருடப் போற கேஸ்."

தெச்சேராவின் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க எப்படி வந்துது அந்த பிளாக்?"

"நோயாளியே கொண்டாந்தாங்க. நம்ம நாட்டு வழக்கம்தானே? ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டு, தன்னோட பிளாக்கைத் தானே வாங்கி, பஸ்ல எடுத்துட்டு வரணும். அந்த ஊர்ல இந்தப் பரிசோதனை கிடையாது."

"ஆபரேஷன் பண்ணவர்?"

"அரோசேனான்னு ஒரு சர்ஜன். கட்டியை முழுசா எடுத்துட்டதா எழுதியிருக்கார். ஆனா இங்க எடுத்த ஸ்கேன்ல மிச்சம் இருக்கு."

"ஆகா." தெச்சேரா மோவாயைத் தடவினார். "பொய் எழுதியிருக்கார். கட்டி திரும்ப வந்தா மாட்டிக்குவார். பிளாக் காணாமப் போனா எதையும் நிரூபிக்க முடியாது."

செல்போனை எடுத்து, தக்குவாரெம்போவுக்குப் பேசினார். இரண்டு நிமிடம். வைத்தபோது முகம் மாறியிருந்தது.

"சர்ஜன் இன்னைக்கு விடியக்காலையில கார்ல கிளம்பிட்டார். பிரேசில் எல்லைப் பக்கம். போனை எடுக்கலை."

லீபர் மூலையிலிருந்து முணுமுணுத்தார். "அடப்பாவி."

*

சனிக்கிழமை காலை. எர்மிந்தா சில்வேரா லேபுக்கு வந்தாள்.

ஐம்பது தாண்டிய மெலிந்த பெண். மழிக்கப்பட்ட தலையில் ஊதா நிறத் துணி. பழைய மழைக்கோட்டு மடியில். தெச்சேரா கேள்விகளை அடுக்கினார்.

"பஸ்ல பக்கத்துல யார் உக்காந்திருந்தா?"

"ஒரு ஆளு. தொப்பி போட்டிருந்தான்."

"பேசினானா?"

"யாரும் என்கூடப் பேசலைங்க."

"மோந்தேவீடியோ வந்து?"

"நோயாளிங்க விடுதியில தங்கியிருக்கேன். வெளியூர்லேர்ந்து சிகிச்சைக்கு வர்றவங்களுக்கான விடுதி. புதன்கிழமை வந்தேன், வியாழக்கிழமை கவரை இங்க குடுத்துட்டேன். ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில இருந்துது."

"தொப்பிக்காரன்," என்று தெச்சேரா நோட்டில் எழுதினார். அவர் வெளியே போன் பேசப் போனதும் எர்மிந்தா மைக்ரோஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா... அது எப்படிச் சொல்லும்? திரும்ப வருமா வராதான்னு?"

நெலிடாவிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. மேலே இருப்பவர்கள் நம்பரை மட்டும்தான் கேட்பார்கள். அவள் நாற்காலியை நகர்த்தி நெருங்கி உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"ரயில்வே ஸ்டேஷன் காவல். அங்கேயே வீடு. ரயில் நின்னு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டை மட்டும் எங்கிட்ட விட்டுட்டாங்க."

"அப்போ ரொம்ப சுலபம். ரயில் கிளம்பப் போகுதுன்னா முதல்ல என்ன ஆகும்?"

"சிக்னல் விழும்."

"அதேதான். ஒரு செல்லு ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி உள்ளே ஒரு புரதத்தை ஏத்தும். சும்மா இருக்கிற செல்லுல அது இருக்காது. நாங்க ஊத்துற சாயம் அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் புடிச்சுப் பழுப்பாக்கும். ஆயிரம் செல்லை எண்ணுவேன். அதுல எத்தனை பழுப்பு? பத்துன்னா ஒரு சதவீதம். கட்டி தூங்குது. நூறுன்னா, கிளம்பத் தயாரா நிறைய ரயில் நிக்குதுன்னு அர்த்தம்."

"அது ஒண்ணுதானா?"

"இன்னொரு புரதமும் இருக்கு. அது காது மாதிரி. உடம்பு அனுப்புற ஹார்மோன் சேதியைக் கேக்கும். அந்தக் காது இருக்கிற கட்டி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். காது போன கட்டிதான் பேச்சு கேக்காது. ரெண்டையும் சேத்துப் பாத்தா ஓரளவு சொல்லிடலாம். சத்தியம் பண்ண முடியாது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு ரேடியேஷன் குடுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

எர்மிந்தா தலையசைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நம்பர் கம்மியா வந்தா?"

"வீட்டுக்குப் போயிடலாம்."

"எப்போ?"

"அன்னைக்கே. விடுதி சிகிச்சையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தானே?"

எர்மிந்தா மழைக்கோட்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

பயத்தில் இருக்கிறாள் என்று நெலிடா நினைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். மழை விட்டிருந்தது.

நெலிடா தன் இரண்டாவது மாடி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். ரேடியோவில் யாரோ கால்பந்து பற்றிப் பேசினான். அவளுக்குக் கால்பந்து பிடிக்காது. குரல் பிடிக்கும்.

ஜன்னல் வழியே புகை வந்தது. தெரு முழுக்க, ஒவ்வொரு முற்றத்திலும், கொல்லையிலும், மொட்டை மாடியிலும் விறகு எரிந்தது. ஞாயிறென்றால் ஊரே மாட்டுக்கறி வாட்டும் வாசனை. ஒரு வீட்டில் பத்துப் பேர், இன்னொன்றில் இருபது பேர். சிரிப்புச் சத்தம்.

அவள் தட்டில் இரண்டு துண்டு ஹாம். ஒரு தக்காளி.

போன் அடித்தது. தெச்சேரா.

"டாக்டர், சர்ஜன் கிடைச்சிட்டார்."

"எங்கே?"

"எல்லையில. கார்ல நாலு புது டயர், ஆறு பாட்டில் விஸ்கி. பிரேசில்ல விலை கம்மின்னு வாங்கப் போயிருக்கார். நான் யாருன்னு சொன்னதும் டயரைப் பத்தித்தான் வாக்குமூலம் குடுத்தார்."

"ரிப்போர்ட்ல பொய் எழுதினது?"

"கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எடுத்தேன்கிறார். பிளாக்கை அவர் தொடவே இல்ல. ஒட்டி, முத்திரை குத்தி அந்தம்மா கையில குடுத்தது ஆஸ்பத்திரி கிளார்க். எட்டு பேர் சாட்சி. இனி அந்தத் தொப்பிக்காரனைத்தான் தேடணும். நம்ம நாட்டுல தொப்பி போடாதவனைத் தேடறது சுலபம்."

"இன்னும் இருபது மணி நேரம்தான் இருக்கு, இன்ஸ்பெக்டர்."

"தெரியும் டாக்டர்," என்றார். குரலில் கேலி இல்லை.

போனை வைத்தாள். புகை இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தப் போனவள் நின்றாள்.

கறி.

ஏன் கறி?

ஆஸ்பத்திரிக்காரன் ஒருவன் பிளாக்கை மாற்ற நினைத்தால் கறியை எதற்குத் தேட வேண்டும்? அவனிடம் அலமாரி நிறைய பிளாக்குகள் இருக்கின்றன. லீபரின் அலமாரியில் மட்டும் இருபதாயிரம். ஏதோ ஒரு நோயாளியின் மூளைக் கட்டியை எடுத்துச் சட்டத்தை மாற்றினால் உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

லேப் மெழுகுகூட இல்லை, மாவாக உதிர்கிற மெழுகு. மெழுகுவத்தி.

கறியும் மெழுகுவத்தியும் அடுப்பும். இதைச் செய்தவருக்கு லேப் கிடையாது. சமையலறை மட்டும்தான் உண்டு.

ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில்...

நெலிடா ஹாமை மூடி வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தாள்.

*

நோயாளிகள் விடுதி ஒரு பழைய வீடு. தெருவைப் பார்த்த ஜன்னலில் திரை விலகியிருந்தது. நெலிடா மணியை அழுத்தும் முன் உள்ளே பார்த்தாள்.

நீள மேஜை. ஆறு பெண்கள். சிலருக்குத் தலையில் துணி, ஒருத்திக்குக் கழுத்தில் கட்டு. நடுவில் சீட்டுக்கட்டு. எர்மிந்தா கையில் இருந்த சீட்டை மேஜையில் ஓங்கி அடித்தாள். எல்லோரும் ஒரே குரலில் அவளைத் திட்டினார்கள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று லேபில் பார்த்த பெண்ணா இவள்?

நெலிடாவுக்கு மணியை அழுத்தக் கை வரவில்லை. பிறகு அழுத்தினாள்.

கதவைத் திறந்தது எர்மிந்தாதான். சிரிப்பு முகத்தில் மிச்சமிருந்தது. நெலிடாவைப் பார்த்ததும் அது மெல்ல வடிந்தது.

"டாக்டரம்மா."

"உள்ளே வரலை. இங்கேயே பேசலாம். உங்க பிளாக் எங்கே, எர்மிந்தா?"

 உள்ளிருந்து ஒருத்தி கத்தினாள். "எர்மி, சீட்டைத் தொட மாட்டோம், பயப்படாம வா. ஏமாத்தறதுக்கு நீ ஒருத்தி போதும்."

எர்மிந்தா கதவைப் பின்னால் சாத்தினாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"திருடினவங்களுக்கு லேப் இல்லைன்னு கறி சொல்லிச்சு. ஏன்னு மட்டும் எதுவும் சொல்லலை. நீங்க சொல்லுங்க. கண்ணு போகும்னு தெரியும்தானே?"

"ஒரு கண்ணுதானே?"

நெலிடா அவளுடைய வலது கண்ணைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி மாடியில இருந்த டாக்டரு புதன்கிழமையே சொன்னாரு," எர்மிந்தாவின் குரல் தாழ்ந்தது. "நம்பர் தெரியலைன்னா ரேடியேஷன் குடுத்துடுவோம், முப்பது நாளு, ஆறு வாரம் இங்கேயே தங்கணும்னு. அன்னைக்கு ராத்திரி இவங்க என்னைய மேஜையில உக்கார வெச்சாங்க. பேரு கேட்டாங்க. உப்பு பத்தலைன்னு என்னையத் திட்டினாங்க. டாக்டரம்மா, என்னை ஒருத்தர் திட்டி பதினோரு வருஷம் ஆச்சு."

"அதுக்காகவா..."

"என் ஸ்டேஷன்லேர்ந்து பாத்தா பக்கத்து வீட்டு விளக்கு ஆறு கிலோமீட்டர் தூரத்துல தெரியும். மழை மப்பு போட்டா அதுவும் தெரியாது. நம்பர் கம்மியா வந்தா அன்னைக்கே அங்க போகணும். எல்லாரும் தூங்கினப்புறம் அடுப்புல வெச்சு உருக்கினேன். குழம்புக்கு வெச்சிருந்த கறியில ஒரு துண்டு. கரண்ட் போனா ஏத்துற மெழுகுவத்தி. டெஸ்டு கெட்டுப்போச்சுன்னு எழுதுவாங்கன்னு நெனச்சேன். மாடுன்னு கண்டுபிடிப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

"லீபர் கை அப்படி," என்றாள் நெலிடா. "நிஜக் கட்டியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

எர்மிந்தா ரவிக்கைக்குள் கைவிட்டாள். சின்னத் துணி முடிச்சு. அவிழ்த்தாள். நகத்தளவு மெழுகுத் துண்டு. உள்ளே வெளுத்த ஒரு புள்ளி.

"எப்படித் தூக்கிப் போடறது? இத்தனை வருஷத்துல எங்கூட இருந்தது இது ஒண்ணுதான்."

நெலிடா கையை நீட்டினாள். வெகுநேரம் நீட்டியபடி இருந்தாள்.

"இருட்டில ஒரு விளக்கு தெரியறதுக்கும் கண்ணு வேணும், எர்மிந்தா. குடுங்க."

உள்ளே மேஜையில் மறுபடி சிரிப்பு எழுந்தது. எர்மிந்தா அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். துண்டு கை மாறியது.

*

"ஞாயித்துக்கிழமை. மேட்ச். அடுப்புல கறி. பேரன் மடியில," என்று சொல்லிக்கொண்டே லீபர் லேபைத் திறந்தார். "இதுல ஒண்ணையாவது சொல்லி நான் மறுத்திருக்கணும்."

சொன்னாரே தவிர, துண்டைத் தொட்ட கை பூவைத் தொடுவதுபோல் தொட்டது. புது மெழுகில் ஊன்றினார். வெட்டினார். இந்த முறை மெழுகு நாடாவாக வழுக்கி வந்தது. வெந்நீரில் மிதந்தது. கண்ணாடியில் ஏறியது.

சாயம். காத்திருப்பு. நான்கு மணி நேரம்.

எர்மிந்தா நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நெலிடா சொன்னதைக் கேட்டு வந்த தெச்சேரா பக்கத்தில். நோட்டிலிருந்த 'தொப்பிக்காரன்' மேல் கோடு கிழித்தார்.

மாலை ஏழுக்கு நெலிடா லென்ஸில் கண்ணை வைத்தாள்.

முதலில் ஓரம். டான்சில் பழுப்பு. சரி.

பிறகு கட்டி. சுழி சுழியாக, விரல் ரேகைபோல. நிஜம்.

பழுப்பு அதிகம் தெரிகிற இடத்தைத் தேடினாள். அதுதான் விதி. இருப்பதில் மோசமான இடத்தில்தான் எண்ண வேண்டும். நூறு. இருநூறு. ஒன்று பழுப்பு. ஐந்நூறு. இன்னும் ஏழு. கட்டிக்குள் புகுந்த ரத்த அணு ஒன்று பழுப்பாகக் கண்ணடித்தது. அதைச் சேர்க்கக் கூடாது. தள்ளினாள்.

ஆயிரம். மொத்தம் பதினெட்டு.

இரண்டாவது ஸ்லைடு. காதுகள். ஏறக்குறைய எல்லாச் செல்களும் பழுப்பு. சொன்ன பேச்சைக் கேட்கிற கட்டி.

ஒன்று புள்ளி எட்டு சதவீதம்.

பேனாவைக் கையில் எடுத்தாள். ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தப் புள்ளி. அதை மட்டும் விட்டுவிட்டால் பதினெட்டு. முப்பது நாள் மேஜை. முப்பது நாள் சீட்டு. ஒரு கண்.

ஒரு கணம்தான்.

புள்ளியை அழுத்தி வைத்தாள். நடைக்குப் போனாள்.

"ரேடியேஷன் வேண்டாம். திரும்ப வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்."

எர்மிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. நல்ல சேதி கேட்டு இப்படி அழுகிறவளை லீபர் பார்த்ததே இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்றாள் எர்மிந்தா, யாரிடமென்று இல்லாமல்.

தெச்சேரா இருமினார். கோட்டுப் பையிலிருந்து மடங்கிய ஒரு படிவத்தை எடுத்தார்.

"எந்த பஸ்? நீங்க ஊருக்கெல்லாம் போக முடியாதும்மா."

"ஏங்க?"

"பரிசோதனைச் சாமானை மாத்தினது குத்தம். விசாரணை முடியற வரைக்கும் மோந்தேவீடியோவைத் தாண்டக் கூடாது. வாரா வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடணும். காலையில வந்தா எங்க ஆளுங்க திட்டுவாங்க. சாயங்காலம் வந்தா நான் திட்டுவேன்."

எர்மிந்தா நிமிர்ந்தாள். புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஆனா உள்ளூர் விலாசம் ஒண்ணு வேணும்," என்று தெச்சேரா பேனாவால் கட்டத்தைத் தட்டினார். "விடுதி செல்லாது. சிகிச்சைதான் இல்லையே."

 குழாய்கள் ஓய்ந்திருந்தன.

நெலிடா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டத்தில் எழுதினாள். தெரு. எண். இரண்டாவது மாடி. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"லிஃப்ட் வேலை செய்யாது," என்றாள். "உப்பு நான் கம்மியாத்தான் போடுவேன்."

"நான் திட்டுவேன்," என்றாள் எர்மிந்தா.

கொஞ்ச நேரம் கழித்துத் தெச்சேராவைக் கேட்டாள். "எவ்வளவு நாள் ஆகுங்க இந்த விசாரணை?"

தெச்சேரா பேனாவை மூடி, சட்டைப் பையில் செருகினார்.

"சொல்ல முடியாதும்மா. முக்கியமான சாட்சி அந்த மாடு. அதுல பாதியை விடுதியில தின்னுட்டீங்க, மீதியை இந்த ஊரே இன்னைக்கு மத்தியானம் தின்னுடுச்சு."